முதலில் வாசம் வரும்

தலைமன்னார் றோட்டில் ஓடிய பஸ்ஸில் நான் கொண்டக்டராக இருந்த காலத்தில், எங்கள் ஊர்த் தரிப்பிடத்தில் வண்டி நிற்பதற்கு முன்பே ஒரு வாசம் ஜன்னலால் ஏறிவிடும். மல்லிகை என்றும் சொல்ல முடியாது, ரோசா என்றும் சொல்ல முடியாது. உலகத்தில் உள்ள எல்லாப் பூவையும் ஒன்றாகப் போட்டு அரைத்து, மேலே கொஞ்சம் சீனியும் தூவியது போல இருக்கும். சாரதி திரும்பியும் பார்க்காமல், "ஆள் வந்திட்டுது" என்பார். அதற்குப் பிறகுதான் பனையடியில் கைப்பையோடு நிற்கும் அக்கா கண்ணுக்குத் தெரிவார்.

அவருக்குப் பெற்றோர் வைத்த நல்ல பெயர் ஒன்று இருந்தது. மாதா கோயிலில் திருமண அறிவித்தலாக ஓலை வாசித்த நாளில் சுவாமியார் அதைச் சொல்லியிருப்பார். பிறகு யாரும் சொன்னதாக எனக்கு நினைவில்லை. ஊருக்கு அவர் சென்ட் அக்கா. நானும் அப்படியே விட்டுவிடுகிறேன். அவர்கள் வளவுக்கும் எங்கள் வளவுக்கும் நடுவே ஒரு கிடுகு வேலிதான். காற்று எங்கள் பக்கம் திரும்பினால் என் மனைவி குழம்பை ருசி பார்ப்பதை நிறுத்திவிட்டு, "இப்ப உப்புக் கூடவோ குறைவோ எண்டு எப்பிடித் தெரியும்" என்று அலுத்துக்கொள்வாள்.

அக்காவின் புருஷன் வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர். அக்காவுக்குக் கடற்கரையில் கருவாட்டு வாடி. மீனைக் கீறி, உப்பிட்டு, வெயிலில் காயப்போட்டு, சிப்பமாகக் கட்டி, கிழமைக்கு ஒரு தரம் மன்னார்க் கடைகளுக்குக் கொண்டுபோவார். சிப்பம் பஸ்ஸின் கூரையில் ஏறும். அக்கா உள்ளே ஏறுவார். ஆனால் வாடியிலிருந்து நேரே பஸ்ஸுக்கு வந்துவிட மாட்டார். கிணற்றடியில் நின்று வாசச் சவர்க்காரம் போட்டுக் குளிப்பார். கழுத்து, கை எல்லாம் பவுடர். பவுடருக்கு மேலே சென்ட்: இரண்டு காதுக்கும் பின்னால், கழுத்தின் இரண்டு பக்கமும், மணிக்கட்டில், சேலைத் தலைப்பில். கடைசியாகக் கைலேஞ்சியில் ஓடிக்கொலோன் என்கிற வாசத் தண்ணீர். இவ்வளவும் முடித்து அவர் வெளிக்கிடும்போது, அந்த அக்காவா இந்த அக்கா என்று பார்க்கவேண்டும்.

தான் மட்டும் பூசிக்கொண்டு நிற்கிற ஆளும் இல்லை. தரிப்பிடத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நின்றால் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் புறங்கையில் ஒரு தொடுகை. "பிள்ளை, உன்னை ஆரும் ஒண்டும் சொல்லக்கூடாது" என்பார். அதற்கு என்ன அர்த்தம் என்று பிள்ளைகள் கேட்பதில்லை. ஒருநாள் சாரதியின் கழுத்துத் துவாயிலும் தடவிவிட்டார். மனுசன் மன்னார் வரையும் தும்மிக்கொண்டே ஓட்டினார். எந்தத் தும்மலில் கவிழப்போகிறோமோ என்று நான் கம்பியைப் பிடித்தபடி நின்றேன்.

புருஷனின் பாடு இன்னும் வேடிக்கை. கடலால் வந்து குளித்துப் பவுடர் பூசாமல் வீட்டுக்குள் கால் வைக்க அவருக்கு அனுமதி இல்லை. முற்றத்துக் கதிரையில் சின்னப் பிள்ளை மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டு இருப்பார். அக்கா முதுகில், நெஞ்சில், கழுத்தில் தட்டித் தட்டிப் பூசிவிடுவார். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நான் பார்த்துச் சிரித்தால் அவரும் கண்ணைத் திறக்காமல் சிரிப்பார். நாளுக்கு நாலு சொல் பேசினால் அதிகம் என்கிற மனுசன். உன் வாசத்துக்கு மீன் எல்லாம் ராமேஸ்வரத்துக்கு ஓடுது என்று கூட்டாளிகள் பகிடி பண்ணுவார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

செத்த வீடு என்றாலும் அக்கா வெறுங்கையோடு போகமாட்டார். எங்கள் பக்கத்தில் பிரேதத்துக்கு ஓடிக்கொலோன் தெளிக்கிற வழக்கம் உண்டு. மற்றவர்கள் பேருக்கு இரண்டு சொட்டுத் தெளிப்பார்கள். அக்கா தலைமாட்டில் போய் நின்று, நெற்றி, கை, பாதம் என்று நிதானமாகத் தடவுவார். ஏன் இவ்வளவு என்று என் மனைவி ஒருமுறை கேட்டதற்கு, "கடைசியாப் போற ஆள், வாசமாப் போகட்டும்" என்றார்.

இந்தச் சென்ட் எல்லாம் எங்கே கிடைத்தது என்றால், தலைமன்னார் பியரில். ராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் ஓடிய காலம் அது. கப்பலால் இறங்குகிறவர்கள் பெட்டிக்குள்ளிருந்து சேலை, சவர்க்காரம், பவுடர், சென்ட் என்று எடுத்து அந்த இடத்திலேயே விற்பார்கள். பிறகு கடைகள் எல்லாம் வெளிநாட்டுச் சாமானை அடுக்கத் தொடங்கிய காலமும் வந்தது. அக்கா ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. அவற்றில் நீல நிறப் போத்தல் ஒன்று அவருக்கு உயிர். அதைத் திருநாளுக்கும் கலியாணத்துக்கும் மட்டும் எடுத்து, ஒரு சொட்டுப் பூசி, மூடி, அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிடுவார். வருடக்கணக்காக அது முடியாமல் இருந்தது.

இது எப்படித் தொடங்கியது என்று ஊரில் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும், ஏனென்றால் அது என் பஸ்ஸில் நடந்தது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. அக்கா அப்போது சென்ட் அக்கா இல்லை, வெறும் அக்கா. குளித்து, வெளுத்த சேலை உடுத்து, இரண்டு பேர் இருக்கிற சீட்டில் ஜன்னலோரம் இருந்தார். பியரில் கப்பலால் வந்த யாரையோ கூட்டிப்போக வந்த ஒரு நோனா, பெரிய இடத்துப் பெண், பக்கத்தில் இருந்தார். இரண்டு மூன்று கட்டை தூரம் போயிருக்கும். நோனா லேஞ்சியை எடுத்து மூக்கில் வைத்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, வேறு சீட் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை, வேண்டுமானால் நிற்கலாம் என்றேன். சும்மா ஒரு சூட்டில் சொன்னது. நோனா எழும்பி நின்றே விட்டார். மன்னார் வரையும் நின்றார்.

அதைவிட மோசம் அதற்குப் பிறகு நடந்ததுதான். பஸ் நிரம்பி வழிந்தது. ஒற்றைக் காலில் நின்றவர்களும் உண்டு. அந்த வெற்று இடத்தில் ஒருவரும் இருக்கவில்லை. நோனா எழும்பிவிட்டாவே, ஏதோ இருக்கும் என்று எல்லோருக்கும் தோன்றிவிட்டது. இருங்கோ, இருங்கோ என்று நானும் சொல்லிப் பார்த்தேன். அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தார், கழுத்தைத் திருப்பவே இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அக்காவிடம் ஒரு மணமும் இருக்கவில்லை. டிக்கெட் கொடுக்க எல்லோரையும் நெருங்கி நிற்கிறவன் நான், என் மூக்குக்குத் தெரியாததா? மணத்தது கூரையிலிருந்த சிப்பம். ஆனால் பழி அக்காவின் மேல் விழுந்தது. அடுத்த கிழமை அவர் ஏறியபோதுதான் முதல்முறையாக அந்த வாசமும் ஏறியது.

இப்படியே எத்தனையோ காலம் போனது. அவருடைய மகள் வளர்ந்து, படித்து, முருங்கன் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ரீச்சராகவும் போய்விட்டாள். அந்த நாட்களில்தான் அக்காவின் கழுத்தில் கறுப்புக் கோடுகள் வரத் தொடங்கின. தேத்தண்ணீர் வழிந்து காய்ந்தது மாதிரி, காதுக்குக் கீழே இருந்து தோள் பக்கம் இறங்கின. பிறகு சொறியச் சொறிய அடங்காத கடி. காதுக்குப் பின்னால் வெடித்துத் தண்ணீர் கசிந்தது. கண் இமை வீங்கியது. அக்கா சேலைத் தலைப்பை இழுத்துக் கழுத்தைச் சுற்றிக்கொண்டார். வேலியருகே நிற்கும்போது கை தானாகச் சொறியப் போகும். என்னைக் கண்டால் கீழே வந்துவிடும்.

ஊர் ஒரே குரலில் தீர்ப்புச் சொன்னது: கருவாட்டு உப்பு. வேறு எதையும் ஒருவரும் யோசிக்கவில்லை. என் மனைவியும் அதைத்தான் சொன்னாள், நானும் தலையாட்டினேன். எங்கள் ஆட்களுக்கு எது கெட்டாலும் கடல்தான் காரணம். அக்காவுக்கோ சந்தேகமே இல்லை. மீன்தான் தன்னைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது என்று அவர் மெய்யாகவே நம்பினார். வாடி வேலையை மச்சாளிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் வந்து சேர்ந்தார். உப்புப் போகட்டும் என்று வாசச் சவர்க்காரத்தை இன்னும் ஒரு தரம் போட்டார். மன்னாரில் ஒரு கடைக்காரர், குழந்தைப் பிள்ளைகளுக்குப் பூசுகிற மெல்லிய லோஷன் என்று ஒன்றைக் கொடுத்தார். அவர் வாங்கியதிலேயே அதுதான் கூடிய வாசம். நாட்டு வைத்தியம் பார்க்கிற பரியாரியார் குப்பைமேனி அரைத்துக் கொடுத்தார். அது பூசினால் கொஞ்சம் குளிர்ந்தது. ஆனால் பச்சிலை மணக்கிறதே என்று அக்கா அதற்கு மேலேயும் சென்ட் தெளித்தார்.

முகத்துக்கு ஏறியபோதுதான் பயந்தார். மகளுக்குக் கலியாணம் பேசி முடிந்திருந்த நேரம். மாப்பிள்ளை முருங்கன் பக்கத்து ஆள், அவரும் ரீச்சர். வயல் செய்கிற குடும்பம், எங்களைப் போலக் கத்தோலிக்க வேதக்காரர்தான். சம்பந்திமாருக்கு முன்னால் இந்த முகத்தோடு எப்படிப் போய் நிற்பது என்று அக்கா என் மனைவியிடம் அழுதிருக்கிறார். மன்னார் பெரியாஸ்பத்திரிக்குத் தோல் டொக்டர் ஒருவர் இடைக்கிடை வந்து ஒரு கிழமை நின்றுபோவார். புருஷன் கடலில், என் மனைவிக்குக் கைப்பிள்ளை, எனக்கு லீவு. நான்தான் கூட்டிக்கொண்டு போனேன்.

டொக்டர் இளம் ஆள். பார்த்தார், கேட்டார், உடம்பில் படுகிற எல்லாவற்றையும் கொண்டுவரச் சொன்னார். கருவாடு ஊறின உப்புத் தண்ணீரும் வேண்டும் என்றார். அடுத்த நாள் அக்கா ஒரு பெரிய பையோடு வந்தார். டொக்டரின் மேசையில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்: பவுடர் ரின், கிறீம், லோஷன், ஓடிக்கொலோன், சின்னதும் பெரியதுமாய்ச் சென்ட் போத்தல்கள், கடைசியில் அந்த நீலப் போத்தல். உப்புத் தண்ணீர் தனிப் போத்தலில், கடதாசிக்குள் கடதாசி சுற்றி இருந்தது. பஸ்ஸில் மணக்கக்கூடாது என்று அந்தக் கடதாசியிலும் சென்ட் தெளித்துக் கொண்டுவந்திருந்தார். டொக்டர் அதை மூக்கருகே கொண்டுபோய்விட்டு அக்காவைப் பார்த்தார்.

ஒவ்வொன்றிலும் கொஞ்சம் எடுத்துச் சின்னச் சின்னத் துணியில் வைத்து, அக்காவின் முதுகில் நேர்ஸ் வரிசையாக பிளாஸ்டர் போட்டு ஒட்டிவிட்டார். கழற்றும்வரை குளிக்கக்கூடாது, வியர்க்கவும் கூடாது. மன்னார் வெயிலில் வியர்க்காமல் இருப்பதற்கு ஆள் கல்லாகத்தான் இருக்கவேண்டும். அக்கா பனையோலை விசிறியோடு வீட்டுக்குள்ளேயே குந்திக்கொண்டு இருந்தார். புருஷன் கடலால் வந்து, தானே பவுடர் பூசிக்கொண்டு, பக்கத்தில் இருந்து விசிறினார்.

பிளாஸ்டரைக் கழற்றிய அன்று நான் திரைக்கு வெளியே நின்றேன். நேர்ஸ் ஒரு கண்ணாடியை முதுகுக்குப் பிடித்து இன்னொன்றை அக்காவின் கையில் கொடுத்தார். டொக்டரின் குரல் கேட்டது. "பாருங்கோ அம்மா. சென்ட் வைச்ச இடம், பவுடர் வைச்ச இடம், கிறீம் வைச்ச இடம், எல்லாம் சிவந்து தடிச்சிருக்கு. இது உப்புத் தண்ணி வைச்ச இடம். ஒண்டும் இல்லை. மீன் உங்களை ஒண்டும் செய்யேல்லை. வாசம்தான் செய்தது."

பிறகு அவர் ஆறுதலாக விளங்கப்படுத்தினார். வாசத்துக்கென்று போத்தலுக்குள் போவது ஒரு பொருள் இல்லையாம், பல பொருளாம்; அதில் பலது பூவைக் கண்டே அறியாது, தொழிற்சாலையில் செய்வது. என்னென்ன போட்டார்கள் என்று எழுதமாட்டார்கள். எழுதினாலும் வாசனைத் திரவியம் என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே சொல். அதனால் எது குற்றவாளி என்று தன்னாலும் சொல்ல முடியாது, எல்லாவற்றையும் விடுவதுதான் வழி என்றார். பூவிலிருந்து எடுத்த எண்ணெய் என்றாலும் சிலருக்கு அதுவும் ஆகாது. மெத்தப் பேர் பூசிக்கொண்டு சுகமாகத்தான் இருப்பார்கள். ஆனால் ஒரு தோல் ஒருமுறை பகைத்துக்கொண்டால் அநேகமாகச் சாகும்வரை அந்தப் பகை போகாது. கழுத்துக் கோடுகள், சென்ட் வழிந்த இடத்தில் வெயில் பட்டு வந்தவை. வருடக்கணக்காகத் திறந்து திறந்து மூடிய பழைய போத்தல் இன்னும் பொல்லாதது, காற்றுப் பட்டால் உள்ளே இருப்பது மாறிவிடும் என்று நீலப் போத்தலைத் தனியாகத் தள்ளிவைத்தார்.

அக்கா இரண்டு கேள்விதான் கேட்டார். தான் பூசிவிட்ட பிள்ளைகளுக்கும் இப்படி வருமோ என்பது முதலாவது. எல்லோருக்கும் வராது, ஆனால் இனிப் பூசிவிடவேண்டாம் என்றார் டொக்டர். கண்ணாடியை மேசையில் வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு அக்கா கேட்டார்.

"அப்ப டொக்டர், நான் எப்பிடி பஸ்ஸில போறது?"

டொக்டருக்கு அது விளங்கவில்லை. வெயில் படாமல் குடை பிடித்துக்கொண்டு போங்கோ, பஸ்ஸுக்குள் பிரச்சினை இல்லை என்றார். அவரில் பிழை இல்லை, அந்தச் சீட்டை அவர் பார்க்கவில்லையே. திரைக்கு வெளியே நின்ற எனக்கு விளங்கியது. அக்கா வெளியே வந்தபோது அந்தப் பையை அவர் கையிலிருந்து வாங்கி நானே சுமந்தேன்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் வாடிக்குப் பின்னால் மணலில் கிடங்கு வெட்டிப் புதைத்தார்கள். கன நாளைக்கு ஊர்க் கழுதைகள் அந்தப் பக்கம் சுற்றிப் போயின. நீலப் போத்தலை மட்டும் அக்கா புதைக்க விடவில்லை. அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.

சில மாதத்தில் தோல் ஆறியது. கோடுகள் மெல்ல வெளுத்தன. இமை வற்றி, பழைய முகம் திரும்பி வந்தது. ஆனால் அக்கா திரும்பி வரவில்லை. பஸ்ஸில் சீட் காலியாக இருந்தாலும் மிதிபலகையில் நிற்பார். உள்ளே வாங்கோ அக்கா என்றால், "இல்லைத் தம்பி, காத்து நல்லம்" என்பார். கடல் ஆட்களுக்குக் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. தன்னைத் தொட்ட காற்று இன்னொருவரைத் தொடாத இடமாகப் பார்த்துத்தான் நிற்பார். ஞாயிறு பூசைக்கும் அப்படித்தான். கோயிலுக்கு வெளியே, தென்மேற்கால் சோளகக் காற்று அடித்தால் ஒரு ஜன்னல், வாடைக் காற்று அடித்தால் மற்றப் பக்க ஜன்னல். பிறகு பஸ்ஸுக்கு வருவதையும் நிறுத்தினார். கலியாணம் நெருங்கியபோது, நான் வீட்டில் நின்று சமையலைப் பார்க்கிறேன், நீங்கள் எல்லோரும் போய்ப் பிள்ளையைக் கட்டிக்கொடுத்துவிட்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டார். பெற்ற தாய் இல்லாமல் கலியாணமா என்று சுவாமியார் வந்து கேட்டார், என் மனைவி சண்டை பிடித்தாள். அக்கா சிரித்துக்கொண்டே மறுத்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

மகள் தாயோடு வாதாடவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை முருங்கனிலிருந்து வந்தவள், பஸ்ஸால் இறங்குகிற நேரத்தில் என்னிடம் ஒரு காரியம் சொன்னாள். மகள் படிப்பித்த இடம் என்பதால் கலியாணப் பூசை முருங்கன் கோயிலில். ஊர் ஆட்கள் போக என் பஸ்ஸைத்தான் வாடகைக்குப் பேசியிருந்தார்கள். "மாமா, அண்டைக்கு பஸ்ஸில ஏறுற ஒருத்தரும் ஒண்டும் பூசிக்கொண்டு வரக்கூடாது. சென்ட் இல்லை, பவுடர் இல்லை, தலைக்கு வாச எண்ணெயும் இல்லை. நானும் பூசமாட்டன். நீங்கள்தான் பாத்து ஏத்தவேணும்" என்றாள்.

இருபது முப்பது வருடம் நான் டிக்கெட் கிழித்திருக்கிறேன். அன்று மாதிரி ஒரு வேலை செய்ததில்லை. மிதிபலகையில் நின்று ஏறுகிற ஒவ்வொருவரையும் மோந்து பார்த்து ஏற்றினேன். பெண்கள் பட்டுச் சேலை உடுத்து, நகை போட்டு, முகத்தில் ஒரு துளி பவுடர் இல்லாமல் வந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். மாப்பிள்ளைத் தோழனாகப் போக இருந்த ஒரு பொடியன் நெஞ்சு நிறைய எதையோ அடித்துக்கொண்டு வந்தான். கிணற்றடிக்குத் திருப்பி அனுப்பினேன். சாரதியும் தன் துவாயை எனக்கு நீட்டி, "இதையும் மோந்து பார்" என்றார்.

மணப்பெண் வெள்ளைச் சேலையோடு தாயின் முன்னால் போய் நின்றாள். நீ வராவிட்டால் நானும் ஏறமாட்டேன் என்று மட்டும் சொன்னாள். அக்கா மகளின் முகத்தைப் பார்த்தார். எங்கள் ஊரில் பவுடர் இல்லாமல் கலியாணத்துக்குப் போன மணப்பெண் அவள்தான் முதல். அக்கா அவளுடைய கன்னத்தைத் தொட்டு, தன் விரலைப் பார்த்தார். பிறகு உள்ளே போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்தார்.

மிதிபலகையில் கால் வைத்ததும் நின்றுவிட்டார். மூச்சை இழுத்தார். ஒரு பஸ் நிறைய ஆட்கள். வியர்வை, துணி, வெற்றிலை, கைக்குழந்தையின் பால். வேறு ஒன்றும் இல்லை.

"என்ன, ஒருத்தரும் ஒண்டும் பூசேல்லையோ?"

"இல்லை அக்கா. ஏறுங்கோ" என்றேன்.

நடுவில் இரண்டு பேர் இருக்கிற சீட் ஒன்றை ஜன்னலோரம் விட்டு வைத்திருந்தோம். அக்கா இருந்தார். இருந்து முடிக்க முதலே பக்கத்து இடத்துக்குப் பெண்களுக்குள் போட்டி. கடைசியில் என் மனைவி பிள்ளையோடு போய் இடித்துக்கொண்டு இருந்துவிட்டாள். பிள்ளை அக்காவின் மடிக்குத் தாவியது. முருங்கன் வரையும் அக்கா ஜன்னலுக்கு வெளியே ஒருதரமும் பார்க்கவில்லை.

பூசை முடிந்து மாப்பிள்ளை வீட்டு வாசலில்தான் நான் மறந்தே போயிருந்த ஒன்று காத்திருந்தது: பன்னீர்ச் செம்பு. மரியாதைக்காகச் சம்பந்தியம்மாவே அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். வாங்கிக்கொண்டால் தோல் வெடிக்கும். மறுத்தால் அந்த வீட்டையே மறுத்தது மாதிரி. செம்பு உயர்ந்தது. அக்கா சும்மா வாங்கிக்கொள்வார், வாங்கிக்கொண்டு கிழமைக்கணக்கில் சொறிவார் என்றுதான் நினைத்தேன். புருஷன் குறுக்கே வர ஒரு கால் எடுத்து வைத்தார். அதற்குள் அக்கா கையைக் கூப்பினார்.

"குறை நினையாதேங்கோ. என்ர தோலுக்கு வாசம் ஒத்துக்கொள்ளாது. நாங்கள் கருவாட்டு வாடி ஆக்கள். இப்பிடியே வந்திட்டன்."

கருவாட்டு வாடி ஆக்கள் என்ற வார்த்தையை அவர் வாயால் அதற்கு முன் நான் கேட்டதில்லை. சம்பந்தியம்மா செம்பைப் பக்கத்தில் நின்ற பெண்ணிடம் கொடுத்தார். பன்னீர்பட்ட கையைத் தன் சேலையில் நன்றாகத் துடைத்தார். "நல்லதாப் போச்சு. எனக்கும் உந்தப் பன்னீர் தலையிடி" என்று சொல்லி அக்காவின் இரண்டு கையையும் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு அக்கா வாடிக்கும் போனார், பஸ்ஸுக்கும் வந்தார். குளித்து, வெளுத்த சேலை உடுத்து, முன் சீட்டில் இருந்துகொண்டு, "தம்பி, பின்னுக்கு ஆரோ சென்ட் பூசியிருக்கினம்" என்று எனக்குத் தகவல் சொல்வார். சந்தோசமாகத்தான் இருந்தார். என்றாலும் வாசத்தின் மேல் இருந்த ஆசை எங்கே போகும்? நல்ல நாள் பெருநாளில் அலுமாரிக் கதவைத் திறந்து, எட்ட நின்று, கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுப்பாராம். பிறகு பூட்டிவிடுவாராம். கப்பல் நின்றது. சண்டை வந்தது, ஊரை விட்டு ஓடினோம். தாங்கக்கூடிய சாமான் மட்டும் எடுக்கச் சொன்ன நேரத்தில் அக்கா எடுத்ததில் செபமாலையும் அந்த நீலப் போத்தலும் இருந்தன. முகாமிலும் இருந்தது. திரும்பி வந்தபோது அதுவும் திரும்பி வந்தது.

அக்கா கண்ணை மூடியது ஊருக்குத் திரும்பிச் சில வருடங்கள் கழித்து, படுக்கையில், சுகமான சாவு. செத்த வீட்டுக்கு ஊர் முழுக்க வந்தது. ஓடிக்கொலோன் ஒருவர் கையிலும் இல்லை. யாரும் யாருக்கும் சொல்லவில்லை. அக்காவுக்கு ஒத்துக்கொள்ளாது என்பது எங்கள் எல்லோருக்கும் பழகிவிட்டது. வெளியூரிலிருந்து வந்த உறவுக்காரி ஒருத்தி மட்டும் விசயம் தெரியாமல் போத்தலைத் திறந்தாள். மகள் பாய்ந்து அவள் கையைப் பிடித்துவிட்டாள்.

தலைமாட்டில் இருந்த கிழவர், அக்காவின் புருஷன், எழும்பினார். உள்ளே போய் அலுமாரியைத் திறக்கிற சத்தம் கேட்டது. நீலப் போத்தலோடு வந்தார். மகள் அவரை மறிக்கக் கையை நீட்டினாள்.

"விடு பிள்ளை" என்றார். "இனி அது அவவை ஒண்டும் செய்யாது. வாசமாப் போகட்டும்."

இரண்டு காதுக்கும் பின்னால், கழுத்தின் இரண்டு பக்கமும், மணிக்கட்டில், சேலைத் தலைப்பில். ஒன்றையும் மறக்கவில்லை. அவசரப்படவும் இல்லை. போத்தல் முடியும்வரை பூசினார்.

நான் அதற்கு மேல் அங்கே நிற்கமாட்டாமல், புதைக்கிற கிடங்கு சரியோ என்று பார்க்கிற சாட்டில், பிரேதத்துக்கு முன்னதாகவே கல்லறைகள் இருக்கிற சேமக்காலைக்கு நடந்துவிட்டேன். வேறு நாலைந்து பேரும் அங்கே நின்றார்கள், எங்கள் பழைய சாரதியும் நின்றார். கோயில் மணி கேட்டது. காற்று எங்கள் பக்கம் வீசியது. மதிலுக்கு அப்பால் இன்னும் ஒருவரும் தெரியவில்லை. சாரதி தலையைத் திருப்பாமல், மெல்ல, "ஆள் வந்திட்டுது" என்றார்.